டவுன்டவுனில் டிஃப் திட்டம் வரும்போது: வாடகைக் கடைக்காரர் ஆட்சேபத்தைப் பதிவு செய்யும் முறை

இல்லினாய் மாநிலச் சிற்றூர்களில், ரயில் நிலையத்தை ஒட்டிய நகராட்சிப் பார்க்கிங் இடத்தை டெவலப்பரிடம் ஒப்படைத்து, கீழே கடைகளும் மேலே அடுக்ககங்களுமாகக் கட்டடம் எழுப்புவதற்கு, டிஃப் (TIF, வரி வளர்ச்சி நிதியளிப்பு) போன்ற முறைகளில் பொதுப்பணத்திலிருந்து உதவி தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதே தெருவில் வாடகைக்கு மளிகைக் கடையோ உணவகமோ தையற்கடையோ நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டடச் சொந்தக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பிற மாநிலங்களில் சட்டத்தின் பெயரும் நாள்கணக்கும் வேறு என்பதால், இங்கே சொல்லப்படும் எண்களை அங்கே பயன்படுத்தக் கூடாது.

சிகாகோ புறநகர் ஒன்றில் கடைக்காரர்கள் சிலருடன் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடர்ந்தேன். அங்கே ஏறக்குறைய எல்லோரும் செய்த பிழை ஒன்றுதான்: வாக்கெடுப்பு நடந்த இரவில் வந்தார்கள். அதற்குள் அறிக்கை எழுதி முடிக்கப்பட்டு, பள்ளி வட்டாரங்கள் கருத்துச் சொல்லி, பொது விசாரணையும் முடிந்திருந்தது. ஆகவே படிகளின் வரிசையை மாற்றாமல் செல்லுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வாடகை ஒப்பந்தத்தையும் அதன் பின்னிணைப்புகள் அனைத்தையும் எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். சொத்துவரி உங்கள் தலையில் விழுகிறதா, அதாவது ட்ரிப்பிள் நெட் ஒப்பந்தமா என்பது முதலாவது. கட்டடத்தை இடிக்கவோ விற்கவோ முடிவு செய்தால் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு இருக்கிறதா என்பது இரண்டாவது. பார்க்கிங் பற்றி எழுத்தில் ஏதேனும் உறுதி இருக்கிறதா என்பது மூன்றாவது.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கட்டடமே இடிபடப் போகிறது என்றால் உங்கள் கோரிக்கை இடமாற்றச் செலவைப் பற்றியதாக இருக்க வேண்டும். பார்க்கிங்கைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. மேற்கண்ட இரண்டாம் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அதை மட்டுமாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து, கட்டடத்தின் சொத்துவரிச் சீட்டு. உரிமையாளர் தராவிட்டால், நிலத்தின் அடையாள எண்ணை (PIN) வைத்துக் கவுன்டி இணையதளத்தில் பார்க்கலாம். வரி எந்தெந்த அமைப்புக்கு எவ்வளவு செல்கிறது என்பது அதில் தெரியும்.

மூன்றாவதாக, இரண்டு ஆண்டுகளுக்கான மாதவாரி விற்பனைக் கணக்கு. மாநில வரித்துறைக்கு மாதந்தோறும் எஸ்.டி.-1 படிவம் தாக்கல் செய்பவர்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறது. நாளை கட்டுமான வேலையால் வியாபாரம் குறைந்தது என்று காட்ட வேண்டியிருந்தால், குறைவதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு இதைத் தவிர நம்பத்தக்க சான்று வேறில்லை.

நான்காவதை நீங்களே தயாரிக்க வேண்டும். ஒரு வாரம், காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் அந்தப் பார்க்கிங் இடத்தில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணி, நேரத்துடன் படமெடுத்து வையுங்கள். நகராட்சியின் ஆலோசகரும் எண்ணியிருப்பார். ஆனால் அவர் வெள்ளிக்கிழமை மாலை வந்தாரா, செவ்வாய்க்கிழமை முற்பகல் வந்தாரா என்பது உங்களிடம் வேறொரு கணக்கு இருந்தால்தான் கேள்வியாகவே எழும்.

2. எந்தச் சலுகை என்பதைப் பிரித்தறிதல்

"வில்லேஜ் (அதாவது நகராட்சி) காசு கொடுக்கிறது" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே கட்டடத்துக்குப் பல வழிகளில் உதவி வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி விசாரணை, தனிக் கெடு உண்டு.

டிஃப் என்பது இவற்றில் பெரியது. 1977ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, ஒரு பகுதியை வரையறுத்து, அன்றைய வரிமதிப்பை அடிமதிப்பாக நிறுத்திவிடுவார்கள். பள்ளி, பூங்கா, நூலகம், கவுன்டி முதலியவை அந்த அடிமதிப்புக்கான வரியைத் தொடர்ந்து பெறும். அதற்கு மேல் வளரும் மதிப்புக்கான வரி முழுவதும் தனி நிதியில் சேரும். பொதுவாக இதன் காலம் 23 ஆண்டுகள். மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தால் 35 ஆண்டுகளாக நீளலாம்.

கணக்கு விளங்க ஓர் உதாரணம். நிலத்தின் அடிமதிப்பு 4 லட்சம் டாலர், மொத்த வரிவிகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்றைய வரி 40 ஆயிரம். கட்டடம் எழுந்தபின் வரிமதிப்பு 40 லட்சமானால் வரி 4 லட்சம். இடைப்பட்ட 3 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுதோறும் டிஃப் நிதிக்குப் போகும்; டெவலப்பருக்கான உதவி அதிலிருந்துதான் வரும்.

இங்கே ஒரு பொதுவான தவறு நேர்கிறது. "எங்கள் வரியை ஏற்றி அவருக்குக் கொடுக்கிறீர்கள்" என்று கடைக்காரர் சொன்னால், "டிஃப் புதிய வரி அல்ல" என்று அதிகாரி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார், சொன்னது சரியும்கூட. சரியான வாதம் வேறு: வளரும் மதிப்பு ஒதுக்கி வைக்கப்படுவதால் பிற அமைப்புகள் தங்கள் தேவையைக் குறுகிய அடித்தளத்தின் மீது பரப்ப வேண்டியிருக்கிறது, வட்டார மதிப்பு உயர்ந்து என் கட்டடத்தின் வரியும் ஏறினால், ட்ரிப்பிள் நெட் வழியாக அதைக் கட்டுபவன் நான்.

வணிக வட்டார வரி என்பது வேறு. அந்த வட்டாரத்துக் கடைகளில் கால் சதவீதப் படிகளாக 1 சதவீதம் வரை கூடுதல் விற்பனை வரி விதிக்கலாம். வீட்டுக்கு வாங்கிப்போகும் மளிகைப் பொருளுக்கு இது பொருந்தாது. உணவகத்தில் பரிமாறும் தோசைக்குப் பொருந்தும். ஆகவே மளிகைக் கடைக்காரரும் உணவகக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திடும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறப்புச் சேவைப் பகுதி என்பது சொத்துவரியுடன் சேரும் கூடுதல் வரி. அப்பகுதியின் வாக்காளர்களில் 51 சதவீதத்தினரும் நில உரிமையாளர்களில் 51 சதவீதத்தினரும் விசாரணை முடிந்த 60 நாட்களுக்குள் கையெழுத்திட்டு எதிர்த்தால் அதை நிறுவ முடியாது. டிஃப் திட்டத்துக்கு எதிராக இத்தகைய தடுப்பதிகாரம் கடைக்காரருக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, டிஃப் திட்டத்தைக் கையெழுத்து வேட்டையால் நிறுத்திவிடலாம் என்று மாதக்கணக்கில் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுதல்

வாடகைக் கடைக்காரர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை இந்த இடத்தில்தான் உணர்வீர்கள். விசாரணை பற்றிய பதிவுத் தபால், நிலத்துக்கு வரி கட்டுபவராகப் பதிவாகியுள்ளவருக்கு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அனுப்பப்படும். அவர் உங்கள் உரிமையாளர். வேறு மாநிலத்தில் இருக்கலாம். தபாலைப் பிரிக்காமலும் வைத்திருக்கலாம். உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பத்திரிகையில் குறைந்தது இரண்டு முறை அறிவிப்பு வரும். முதல் அறிவிப்பு விசாரணைக்கு 30 நாட்களுக்கு முற்படாமலும் 10 நாட்களுக்குக் குறையாமலும் வர வேண்டும். ஆனால் கடை நடத்துபவர் எவரும் சட்ட அறிவிப்புப் பக்கத்தைப் படிப்பதில்லை.

எனவே, நகராட்சி வைத்திருக்க வேண்டிய ஆர்வலர் பதிவேட்டில், அதாவது திட்டத்தின் அறிவிப்புகளைப் பெற விரும்புவோர் பட்டியலில், சேருங்கள். அதற்கான படிவம் நகராட்சி எழுத்தரிடம் கிடைக்கும். அவ்வூரில் குடியிருப்பவர்களும் அவ்வூரில் இயங்கும் அமைப்புகளும் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நம்மவர் பலர் ஓர் ஊரில் கடை வைத்து வேறோர் ஊரில் குடியிருப்பவர்கள். அவர்கள் தனியாளாக விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பப்படலாம். தெருக் கடைக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரு சங்கமாகப் பெயர் வைத்துக்கொண்டு அதன் பெயரில் பதிவு செய்வது பாதுகாப்பான வழி. பெரிய விதிமுறைகள் வேண்டியதில்லை. ஒரு பெயர், ஒரு முகவரி, கடிதம் பெறும் ஒருவர் போதும்.

4. தகுதி அறிக்கையைப் படித்தல்

விசாரணைக்கு நாள் குறிக்கும் தீர்மானத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே, திட்டத்தையோ அப்பகுதி டிஃப் முறைக்கு எப்படித் தகுதி பெறுகிறது என்ற அறிக்கையையோ பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அன்றே நகல் எடுங்கள்.

கட்டடங்கள் உள்ள பகுதி இரண்டு வழிகளில் தகுதி பெறலாம். 13 குறைபாடுகள் கொண்ட பட்டியலில் ஐந்தேனும் இருந்தால் அது சீர்கெட்ட பகுதி. கட்டடங்களில் பாதியேனும் 35 ஆண்டுகளைக் கடந்திருந்து, மூன்று குறைபாடுகள் இருந்தால் அது பேண வேண்டிய பகுதி. பழைய கடைத்தெருக்களுக்கு இரண்டாவது எளிது. பாழடைதல், மிகுதியான காலியிடம், போதாத குழாய் வசதி, குறைந்துவரும் வரிமதிப்பு போன்றவை பட்டியலில் உள்ளவை. எதுவாயினும் அது பெயரளவில் இருந்தால் போதாது. பொருட்படுத்தத்தக்க அளவில், பகுதி முழுவதும் பரவியிருப்பதாக ஆவணத்துடன் காட்டப்பட வேண்டும்.

அறிக்கையின் அட்டவணையில் உங்கள் கட்டடத்துக்கான வரிசையைத் தேடிப் பாருங்கள். காலி என்று குறித்திருக்கும் இடத்தில் நீங்கள் கடை நடத்திக்கொண்டிருக்கலாம். சென்ற ஆண்டு மாற்றிய குழாய்கள் பழுதென்று எழுதப்பட்டிருக்கலாம். அத்தகைய பிழை கிடைத்தால் ரசீது, படம், தேதி ஆகியவற்றோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிழையால் திட்டம் விழாது. ஆனாலும் அறிக்கை எழுதிய ஆலோசகர் பதில் சொல்ல வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.

இதே இடத்தில் இன்னொரு வாசகத்தையும் பார்க்க வேண்டும். இத்திட்டம் இல்லாவிட்டால் தனியார் முதலீட்டால் இப்பகுதி வளரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாது என்று நகராட்சி முடிவு கூற வேண்டும். பக்கத்துத் தெருவில் உதவி எதுவுமின்றி அண்மையில் எழுந்த கட்டடங்கள் இருந்தால் அவற்றின் பட்டியலைத் தயாரியுங்கள். சூடான சொற்பொழிவைவிட இந்தப் பட்டியலுக்கு எடை அதிகம்.

5. தகவல் கோருதல்

மாநிலத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டால் ஐந்து வேலைநாட்களில் பதில் வர வேண்டும். மேலும் ஐந்து வேலைநாட்கள் நீட்டிக்கலாம். கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் முதல் 50 இலவசம். மறுத்தால் 60 நாட்களுக்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) அலுவலகத்தில் உள்ள பொது அணுகல் ஆலோசகரிடம் முறையிடலாம்.

"திட்டம் சம்பந்தமான எல்லாம்" என்று கேட்காதீர்கள். அது மிகப் பெரிய கோரிக்கை என்று தள்ளப்படும் அல்லது இழுத்தடிக்கப்படும். டெவலப்பர் அளித்த வரவு செலவுக் கணிப்பு, பார்க்கிங் ஆய்வு, நகராட்சி நிலத்துக்கான மதிப்பீடு, பிற விண்ணப்பதாரர்கள் அளித்த முன்மொழிவுகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். டிஃப் பகுதியில் நகராட்சி தன் நிலத்தைக் கைமாற்றுவதற்கு முறையான உள்ளூர்ச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். நிபந்தனைகளையும் வந்த முன்மொழிவுகளையும் வெளிப்படுத்த வேண்டும். பிறரும் முன்மொழிவு அளிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். பார்க்கிங் இடம் பறிபோகும் கடைக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள விதி அச்சட்டத்தில் அதிகம் இல்லை.

6. கூட்டு மறுஆய்வுக் குழுவைத் தவறவிடாதிருத்தல்

புதியவர்களில் எவருக்கும் தெரியாத கூட்டம் இது. பள்ளி, சமுதாயக் கல்லூரி, பூங்கா, நூலகம், டவுன்ஷிப், தீயணைப்பு, கவுன்டி ஆகியவற்றின் பிரதிநிதிகளும், நகராட்சியின் பிரதிநிதியும், பொதுமக்களில் ஒருவரும் அமர்வார்கள். விசாரணைக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் இந்த அமைப்புகளுக்கு அறிவிப்புப் போகும். அது அனுப்பப்பட்ட 14 முதல் 28 நாட்களுக்குள் குழு கூட வேண்டும்.

இக்குழு திட்டத்தை நிராகரித்து, பின்னர் நடக்கும் பேச்சிலும் உடன்பாடு வராவிட்டால், நகராட்சி மன்றம் ஐந்தில் மூன்று பங்கு வாக்குகளால்தான் முன்செல்ல முடியும். ஆறு உறுப்பினரும் மேயரும் உள்ள சிறிய மன்றத்தில் ஒரு வாக்கின் இடைவெளியே பெரிது.

குழு பார்ப்பது தகுதியையும் சட்ட நோக்கத்தையும்தான். உங்கள் வியாபார நட்டத்தை அல்ல. ஆகையால் நான்காம் படியில் கண்ட பிழைகளை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கூட்டத்துக்கு முன்பே பள்ளி, நூலகப் பிரதிநிதிகளுக்கு அனுப்புங்கள். டிஃப் உதவியுடன் கட்டப்படும் வீடுகளில் குடியேறும் மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்கு ஒரு தொகை தரச் சட்டம் வழிசெய்கிறது என்றாலும், அடுக்ககங்கள் வரும் திட்டங்களில் பள்ளி வட்டாரங்கள் கவனமாகவே காது கொடுக்கின்றன.

7. மனக்குறையை நிபந்தனையாக மாற்றுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. "பெரிய கட்டடம் வேண்டாம்", "எங்கள் பிழைப்புப் போய்விடும்" என்பவை உண்மையான கவலைகள். ஆனால் மன்றத்தால் அவற்றை ஏற்று எழுத முடியாது. டெவலப்பருடன் நகராட்சி செய்யும் ஒப்பந்தத்தில் ஒரு வழக்கறிஞர் அப்படியே ஒட்டக்கூடிய வாக்கியமாக ஒவ்வொரு குறையையும் மாற்றுங்கள்.

பார்க்கிங் பற்றி: பழைய இடம் மூடப்படும் நாளுக்கு முன்பே, இத்தனை அடி தூரத்துக்குள், இத்தனை வண்டிகளுக்கு மாற்றிடம் திறந்திருக்க வேண்டும். எண்ணிக்கையை முதல் படியில் நீங்கள் எடுத்த கணக்கிலிருந்து எடுங்கள். கட்டடத்துக்குள் வரும் புதிய பார்க்கிங்கில் பொதுமக்களுக்கு எத்தனை, குடியிருப்போருக்கு எத்தனை என்பதும் எழுதப்பட வேண்டும்; இல்லையேல் எல்லாம் குடியிருப்போருக்கே போய்விடும்.

கட்டுமானம் பற்றி: நடைபாதை எந்நேரமும் திறந்திருத்தல், சரக்கு வண்டி நிற்க ஓரிடம், கடை திறந்திருக்கிறது என்ற பலகைகள், தெரு மூடலுக்கு முன்னறிவிப்பு. எந்த மாதங்களில் தெருவை மூடவே கூடாது என்பதையும் சொல்லுங்கள். அதிகாரிகளுக்கு நன்றியறிதல் நாள் முதல் கிறிஸ்துமஸ் வரையிலான வாரங்கள் தெரியும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரங்கள் உங்களுக்கு என்னவென்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். இங்கே விற்பனைக் கணக்கை இணையுங்கள்.

பணம் பற்றி: புதிதாகக் கட்டும் தனியார் கட்டடத்தின் கட்டுமானச் செலவு, சில விலக்குகள் தவிர, டிஃப் செலவாகாது, நிலம், இடிப்பு, பொது வசதிகள் போன்றவையே ஆகும். மாறாக, இருக்கும் தனியார் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதும், வாடகை இடத்தில் செய்யும் உள்வேலைகளும் அனுமதிக்கப்பட்ட செலவுகள். அப்படியானால் அதே நிதியில் பழைய கடைகளின் முகப்புக்கும் சமையலறை மேம்பாட்டுக்கும் ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. டெவலப்பருக்குக் கொடுக்காதே என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இடமாற்றம் பற்றி: இடமாற்றச் செலவும் அனுமதிக்கப்பட்டதே, ஆனால் வேறு சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அது நகராட்சியின் விருப்பம். எழுதி வாங்காவிட்டால் இல்லை என்றே பொருள்.

போட்டி பற்றி: "எங்களுக்குப் போட்டியாகக் கடை வருகிறது" என்று மட்டும் சொல்வது நம்மை வலுவிழக்கச் செய்யும், போட்டி கூடாது என்று எந்த மன்றமும் தீர்மானிக்காது. சட்டம் தரும் பிடி வேறு: வேறோர் ஊரில் 10 மைலுக்குள் உள்ள கடையை மூடிவிட்டு இங்கே திறக்கும் சில்லறை வணிகருக்கு நேரடி நிதியுதவி தருவது டிஃப் செலவாக ஏற்கப்படாது. வரப்போகும் கடையின் பெயர் தெரிந்தால் இதைச் சரிபாருங்கள்.

8. விசாரணை நாள்

எழுத்து முதலில், பேச்சு பிறகு. ஆர்வமுள்ள எவரும் நகராட்சி எழுத்தரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம், நேரிலும் பேசலாம். வாடகைக்காரர் என்பதால் அந்த உரிமை குறையாது. கொடுத்த நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடமே கிடைக்கும். அதில் சொல்லாமல் விட்டது எழுத்தில் இருந்தால் பதிவில் இருக்கும்.

எட்டுப் பேர் ஒரே குறையைச் சொல்வதைவிட ஒருவர் பார்க்கிங், ஒருவர் கட்டுமானம், ஒருவர் நிதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர் பேச விரும்பினால் அவரைத் தடுக்காதீர்கள். அவர் தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்று ஒருவர் மொழிபெயர்க்க முடியுமா என்று முன்கூட்டியே எழுத்தரிடம் கேட்டு வையுங்கள்.

விசாரணை அன்றே முடியாமல் ஒத்திவைக்கப்பட்டால், அடுத்த தேதி அந்த அறையிலேயே அறிவிக்கப்படும். புதிய அறிவிப்பு வெளியிடத் தேவையில்லை. பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல் ஒருவராவது கடைசி வரை உட்கார வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கட்டட உயரம், பயன்பாட்டு மாற்றம் ஆகியவற்றுக்கான மண்டல (ஜோனிங், அதாவது நிலப் பயன்பாட்டு) விசாரணை தனியே நடக்கும். மாநில விதிப்படி, மாற்றப்படும் நிலத்தை ஒட்டியோ எதிரிலோ உள்ள தெருமுகப்பு நீளத்தில் 20 சதவீதத்துக்கு உரிமையாளர்கள் எழுத்தில் எதிர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படும். தன்னாட்சி (ஹோம் ரூல்) பெற்ற நகரங்களில் இது மாறலாம். கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். உரிமையாளரிடம் நல்லுறவு வைத்திருப்பவருக்கு இங்கே பலன் கிடைக்கும்.

9. வாக்கெடுப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே

விசாரணை முடிந்து 14 முதல் 90 நாட்களுக்குள் திட்டத்துக்கான சட்டம் மன்றத்தில் கொண்டுவரப்படும். திட்டத்தை ஏற்பது, பகுதியை அறிவிப்பது, டிஃப் முறையை ஏற்பது என வழக்கமாக மூன்று சட்டங்கள் வரும். இவை நிறைவேறியதும் கடைக்காரர்கள் சோர்ந்து கலைந்துவிடுகிறார்கள். ஆனால் ஏழாம் படியில் எழுதிய நிபந்தனைகளுக்கு உரிய இடம் அதன் பிறகு வரும் மறுமேம்பாட்டு ஒப்பந்தமே. எவ்வளவு தொகை, எப்போது, என்ன செய்தால் என்பது அதில்தான் எழுதப்படுகிறது.

மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் 48 மணி நேரத்துக்கு முன் ஒட்டப்பட வேண்டும். அதை மட்டும் நம்பினால் வெள்ளிக்கிழமை மாலை பார்த்து, ஞாயிறு முழுவதும் படித்து, திங்கள் இரவு பேச வேண்டியிருக்கும். எனவே வரைவு ஒப்பந்தத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அதில் மூன்றைப் பாருங்கள். பணம் முன்கூட்டியே கடன்பத்திரம் வெளியிட்டுத் தரப்படுகிறதா, அல்லது வரி வர வரத் தரப்படுகிறதா? பின்னது ஊருக்கு ஆபத்துக் குறைவு. கீழ்த்தளக் கடைகள் காலியாகவே கிடந்தாலோ கட்டடம் தாமதித்தாலோ பணத்தைத் திரும்பப் பெறும் விதி உண்டா? உங்கள் நிபந்தனைகள் "முயற்சி செய்யப்படும்" என்று எழுதப்பட்டுள்ளனவா, "செய்ய வேண்டும்" என்று எழுதப்பட்டுள்ளனவா?

10. கட்டுமானம் தொடங்கிய பின்

ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதியைக் கடையிலேயே வையுங்கள். நடைபாதை மூடப்பட்டால் அன்றே படமெடுத்து, எந்த விதி மீறப்பட்டது என்ற எண்ணுடன் நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்ன குறைக்குத் தேதி இருக்காது. மாத விற்பனையை முந்திய இரண்டு ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு எழுதி வாருங்கள்.

ஒவ்வொரு டிஃப் பகுதிக்கும் நகராட்சி ஆண்டறிக்கை தயாரித்து மாநிலக் கணக்குத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவரது இணையதளத்தில் அதைப் படிக்கலாம். கூட்டு மறுஆய்வுக் குழுவும் ஆண்டுதோறும் கூடுகிறது. முதல் முறை சென்றபோது அந்த அறையில் பார்வையாளர் நாற்காலிகள் அனைத்தும் காலியாக இருந்தன. வந்த காரணத்தை எழுத்தர் எங்களிடம் இரண்டு முறை கேட்டார்.